மேடை முழக்கமும் அயலுறவும்

அயலுறவு என்பது தலைநகரத்து மாளிகைகளில் அமைச்சரும் தூதுவரும் கூடிப் பேசும் பேச்சு என்றும், அதற்கும் நமக்கும் தொடர்பில்லை என்றும் நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் திருப்பூரில் 2025 ஆகஸ்டு 27 கலைத்தது. அன்று அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் பலவற்றின் மீது விதித்த வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அதில் பாதி, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக விதிக்கப்பட்டது. பனியன் ஆர்டர்கள் பல நிறுத்தி வைக்கப்பட்டன. தம் நாட்டுக்கே முதலிடம் என்று அங்கே தேர்தல் மேடையில் எழுந்த முழக்கம், பல்லடம் சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த தொழிலாளியின் வாரக்கூலி வரை வந்து சேர்ந்தது. எண்ணெய் வாங்கியவரும் அவரல்லர், வாக்களித்தவரும் அவரல்லர்.

மக்களின் உணர்ச்சியைக் கிளர்த்தி ஆதரவு திரட்டும் கட்சிகள் அயலுறவை எவ்வாறு வளைக்கின்றன என்பதை அறிய அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் அவ்வரலாறு கிடக்கின்றது.

இலங்கையில் 1956ஆம் ஆண்டு பண்டாரநாயக்கா, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் வாக்குறுதியால் வென்றார். அவர் கொலையுண்ட பின், 1960இல் பிரதமரான அவர் மனைவி சிறிமாவோ, 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். தேயிலைத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த மக்கள், அவர்களின் கருத்து கேட்கப்படாமலே எண்ணிப் பங்கிடப்பட்டனர்.

இக்கரையில் நிகழ்ந்தது யாது? 1974இல் கச்சத்தீவு இலங்கைக்கு உரியது என ஒப்பந்தமானபோது தமிழகம் எதிர்த்தது. டெல்லி ஆட்சிக்கு அசைக்கவியலாத பெரும்பான்மை இருந்தமையால் அவ்வெதிர்ப்பு எதையும் மாற்றவில்லை. 1983 ஜூலைக் கலவரம் வேறு நிலையை உண்டாக்கிற்று. தமிழகம் முழுதும் கொதித்தெழுந்தது. ஈழத் தமிழரின் உண்மைக் காவலர் யார் என்பதில் இரு திராவிடக் கட்சிகளும் போட்டியிட்டன. டெல்லியும் அவ்வலையைப் புறக்கணிக்கவியலாமல் தலையிட்டது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தனர். தமிழரைக் காக்கச் சென்ற இந்தியப் படை, அவ்வாண்டு அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளுடன் பொருதியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். 1990 மார்ச்சில் எஞ்சியோர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, தமிழக முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. அனுப்பிய உணர்ச்சியும் வரவேற்க மறுத்த உணர்ச்சியும் ஒரே கரையிலேதான் எழுந்தன.

இங்கே நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. இவர்களின் தாய்மொழி தமிழ். எனினும் 1983இல் எழுந்த பேரலை இவர்களுக்காக எழவில்லை. கட்சிகள் தீட்டிய சித்திரத்தில் ஒடுக்குபவன் சிங்களவன், ஒடுக்கப்படுபவன் தமிழன் என்று இரண்டே உருவங்கள் இருந்தன. மூன்றாமவனுக்கு அதில் இடமில்லை. நாமும் பெரும்பாலும் துஆவோடு நின்றுவிட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னரும் இக்கணக்கு தொடர்ந்தது. 2013 மார்ச் 19இல் தி.மு.க. மத்தியக் கூட்டணியினின்று விலகியது. இரு நாள் கழித்து ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இந்தியா இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது. நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் செல்லவில்லை. 2014 மே மாதம் பா.ஜ.க. தனித்தே 282 இடங்களைப் பெற்றது. தமிழகக் கட்சிகள் எதிர்த்தும் ராஜபக்சே டெல்லிப் பதவியேற்பு விழாவுக்கு அழைக்கப்பட்டார். இலங்கைத் தமிழரின் துயர் ஓராண்டில் குறைந்துவிடவில்லை. டெல்லியில் எண்ணிக்கை மாறியிருந்தது, அவ்வளவே.

அவ்வாறாயின் மக்களின் உணர்ச்சிக்கு அயலுறவில் இடமே கூடாதோ? ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யாவை நினைவுகூர்வோம். உம்ராச் செய்யாமல் திரும்புவது, மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்புவது என்னும் நிபந்தனைகள் தோழர்களின் நெஞ்சைப் பிளந்தன. விலங்கோடு வந்து விழுந்த அபூஜந்தல் (ரலி) அவர்களும் திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரலி) அவர்கள் வெளிப்படையாகவே வினவினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவ்வினாவைத் தண்டிக்கவில்லை. அதற்காக உடன்படிக்கையை முறிக்கவும் இல்லை. தோழர்கள் துயரால் அசையாதிருந்தபோது, உம்மு ஸலமா (ரலி) அன்னையாரின் ஆலோசனையை ஏற்றுத் தாமே முதலில் குர்பானி கொடுத்து முடி களைந்தார்கள், மற்றவர்கள் பின்பற்றினர். இரண்டே ஆண்டில் மக்காவின் வாயில் திறந்தது.

மக்களின் வேதனையைக் கேட்பது தலைவனின் கடமை. அவ்வேதனையை வாக்காக மாற்றி விற்பது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். நாளை மற்றொரு முழக்கம் நம் தெருவிலும் எழும். அதில் நம் குரலைச் சேர்க்குமுன், இதன் விலையை யார் கொடுப்பார்கள், இச்சித்திரத்தில் விடுபட்டவர் யார் என்று வினவக் கற்றுக்கொள்வோம். புத்தளத்து முகாம்களும் பல்லடம் சாலையும் நமக்குக் கற்பித்த பாடம் அதுவே.