ராயக்கோட்டை முதல் பாலக்கோடு சந்தை வரை: ஒளியளவுக் கணிப்பின் வளர்ச்சி

புகைப்படத்துக்கு ஒளியளவு கணிப்பதில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. வெளிச்சத்தை அளப்பது ஒன்று. காட்சியின் எந்தப் பகுதி எவ்வளவு வெளுப்பாகப் பதியவேண்டும் என்று முடிவுசெய்வது மற்றொன்று. முதல் வேலை படிப்படியாகக் கருவிக்குக் கைமாறியது. இரண்டாவது இன்றும் படமெடுப்பவரிடமே இருக்கிறது.

இரண்டு வேலைகளையும் படமெடுப்பவரே செய்த காலத்துக்குப் பாலக்கோட்டுக்கு அருகிலேயே ஒரு பழைய சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், ராயக்கோட்டையிலும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களிலும் எடுத்த படங்கள் 1858-இல் தொகுப்பாக வெளிவந்தன. ராயக்கோட்டை, பாலக்கோட்டிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் உள்ள ஊர். டிரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகடிவ். வெயிலிலும் அதற்கு நிமிடக்கணக்கில் ஒளி காட்டவேண்டும். கணிப்பில் நேர்ந்த பிழையை, காலிக் அமிலத்தில் படம் மெல்ல எழும்போது கண்ணால் பார்த்து ஓரளவு திருத்தலாம். அந்தக் காகிதம் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும் என்பதால், பாறைக்கும் கோட்டைச் சுவருக்கும் போதிய நேரம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் சில நெகடிவ்களில் மேகங்களை வண்ணத்தால் தீட்டிச் சேர்த்தது இதனால்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக இணைத்தார். எல்லாப் படங்களிலும் அடர்த்தி ஒத்துவந்தால்தான் அப்படி இணைக்கமுடியும். கருவியில்லாத காலத்தில் இது வியக்கத்தக்க கைத்திறன்.

இங்கிலாந்தில் ஆய்வுசெய்த ஹர்ட்டர், டிரிஃபீல்டு இருவரும் 1890-இல் ஒளிக்கும் நெகடிவின் கருமைக்கும் உள்ள உறவை வளைகோடாக வரைந்து காட்டினர். அதற்குச் சற்றுமுன் அவர்கள் உருவாக்கிய கணிப்பு அளவுகோல், அட்சரேகையையும் பருவத்தையும் நேரத்தையும் கொண்டு ஒளியளவைச் சொன்னது. 12 டிகிரி வட அட்சரேகையை ஒட்டிய பாலக்கோட்டில் ஏப்ரல், ஆகஸ்ட் மாதப் பிற்பகுதிகளில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வருகிறது. இங்கிலாந்துக்கு வகுத்த அட்டவணை இங்கே பொருந்தாது.

செலினியம் மின்கலம் கொண்ட வெஸ்டன் மீட்டர் 1932-இல் வந்தது. ஆனால் மீட்டர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு எளிய விதியே துணை: நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, 100 வேக ஃபிலிமுக்கு ஷட்டர் ஏறத்தாழ நொடியின் நூறில் ஒரு பங்கு. உதகையின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் தயாரித்த கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் இதே கணக்குதான். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அளக்கும் முறை 1963-இல் டாப்கான் கேமராவிலும், காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் முறை 1983-இல் நிகான் எஃப்ஏ-விலும் நடைமுறைக்கு வந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் மீட்டருக்கு ஓர் எல்லை உண்டு. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். பாலக்கோடு தக்காளிச் சந்தையில் வெள்ளை வேட்டியை மட்டும் அளந்தால் வேட்டி மங்கிச் சாம்பலாகும்; ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டவேண்டும். கருத்த முகத்தை அளந்தால் ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைக்கவேண்டும். குறைக்காவிட்டால் முகம் வெளிறும். முகத்தின் இயல்பான நிறத்தைக் காப்பாற்றுவது இங்கு முதல் கடமை. கை மீட்டரை முகத்தருகே வைத்து, அதன்மேல் விழும் ஒளியை அளந்தால் இந்தத் திருத்தம் தேவைப்படாது.

ஃபிலிம் நெகடிவ் மிகையொளியை ஓரளவு தாங்கும். நிழலில் விவரம் பதியாவிட்டால் மீட்க வழியில்லை. டிஜிட்டலில் நிலைமை தலைகீழ்: வெளுத்துப்போன பகுதி திரும்பாது, நிழலைப் பின்னர் ஏற்றலாம். ஆகவே நெகடிவுக்கு நிழலையும் டிஜிட்டலுக்கு வெளிச்சப் பகுதியையும் பார்த்து அளப்பது வழக்கமாயிற்று.