ஓடம் ஏறாத மகாவலி

மேல்நாடுகளிலே கோடை விடுமுறையை உல்லாசப் படகுகளில் கழிப்போர் பலர். ஆற்றிலும் கால்வாயிலும் மெல்ல ஊர்ந்து செல்லும் அப்படகுகள் மேட்டு நிலத்தையும் ஏறிக் கடப்பது புதியோர்க்கு வியப்பை அளிக்கும். இதனைச் செய்துதருவது நீர்ப்பூட்டு என்னும் அமைப்பாகும். இரு கதவுகளுக்கு நடுவே ஒரு கற்றொட்டி. படகு கீழ்க்கதவின் வழியே உள்ளே வந்ததும் அக்கதவை அடைத்து, மேலிருந்து நீரைத் தொட்டிக்குள் விடுவர். நீர் உயரப் படகும் உயரும். பின்னர் மேற்கதவைத் திறந்தால் படகு தன் வழியே செல்லலாம். தமிழ்நாட்டிலே 1806ஆம் ஆண்டு தொடங்கிப் பகுதி பகுதியாக வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயிலும் இத்தகைய பூட்டுகள் இருந்தன. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அக்கால்வாய் வழியே சென்னைக்கு வந்தன.

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளமுள்ள மிடி கால்வாய் 1681இல் திறக்கப்பெற்றது. அதன் ஓரிடத்தில் எட்டுத் தொட்டிகள் படிக்கட்டுப் போல அடுத்தடுத்து அமைந்து, படகுகளை 21 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகின்றன. அதே 1681இல்தான் இலண்டனில் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாற்று நூலும் வெளிவந்தது. கண்டி அரசனிடம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த அவ்வாங்கிலேயர், இந்நாட்டு ஆறுகளில் பாறைகளும் வீழ்ச்சிகளும் மிகுதியாதலின் படகுகள் செல்ல இயலாதென எழுதினார். மகாவலியின் மீது பாலங்கள் இல்லை என்றும், தன் நாடு எளிதில் புகத்தக்கதாய் இருப்பதை மன்னன் விரும்பவில்லை என்றும் அவர் குறித்துள்ளார்.

ஒருபால் ஆற்றை ஏறுவதற்குப் படிகட்டிய அரசு. மற்றொருபால் ஆறு ஏற முடியாதிருப்பதையே அரணாகக் கொண்ட அரசு. கண்டியின் சரித்திரத்தை விளங்கிக்கொள்ள இவ்வேற்றுமை பெரிதும் உதவும்.

மகாவலி கங்கை கண்டி நகரை மூன்று புறமும் வளைத்து ஓடுகின்றது. அங்கிருந்து மகியங்கனைச் சமவெளியை அடைவதற்குள் அது 300 மீட்டருக்கும் மேலாகக் கீழே இறங்கிவிடுகின்றது. பிரான்சின் அந்த எட்டுத் தொட்டிப் படிக்கட்டைப் போலப் பதினான்கு கட்டினாலும் இவ்வுயரத்தை எட்டுவது அரிது. எனவே கடலை ஆண்ட போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தம் படகுகளைக் கரையிலே விட்டுவிட்டு, காட்டு வழியே கால்நடையாகவே கண்டிக்கு வர நேர்ந்தது. பேராதனைக்கு அண்மையில், ஆற்றோரத்துக் கன்னொறுவையில், 1638ஆம் ஆண்டு இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயப் படையை முறியடித்தான். 1765இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்தும் அதிலே நிலைத்திருக்க இயலவில்லை.

ஆற்றின் வலிமை முழுமையாகத் தெரிந்தது 1803ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், நாயக்கர் குலத்து முத்துசாமியை அரசனாக்கி, மேஜர் டேவி என்பவனின் கீழ் ஒரு படையை நிறுத்திச் சென்றனர். காய்ச்சலால் நலிந்த அப்படை யூன் 24ஆம் நாள் சரணடைந்து, திருகோணமலையை நோக்கிப் புறப்பட்டது. நகருக்கு அருகேயுள்ள வட்டப்புளுவைத் துறையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது, கடப்பதற்குப் படகில்லை. ஆற்றங்கரையிலேயே முத்துசாமியைக் கையளிக்க நேர்ந்தது, அவன் கொல்லப்பட்டான். யூன் 26ஆம் நாள் படைவீரரும் வெட்டுண்டனர். டேவி கண்டியிலே சிறையிருந்து மாண்டான். சில படகுகள் கிடைத்திருப்பின் அவ்வுயிர்கள் பிழைத்திருக்கக்கூடும்.

வென்ற மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கனும் நாயக்கர் வழியினனே. கண்ணுசாமி என்பது அவன் இயற்பெயர். ஆற்றில் இயலாத படகுலாவை அவன் அரண்மனை முன்றிலிலேயே அமைத்துக்கொண்டான். வயல்வெளியாயிருந்த இடத்தில் அணையிட்டு, 1807 முதல் 1812 வரை வெட்டுவித்ததே கண்டி வாவி. பாற்கடல் என்று பொருள்படும் சிங்களப் பெயரும் அதற்குண்டு. நடுவே சிறு தீவும் அமைந்தது. இவ்வழகைக் குடிமக்களின் கட்டாய உழைப்பே ஈன்றது. அதனால் எழுந்த மனக்கசப்பும் சேர்ந்தே அரசனின் துணைவரைக் குறைத்தது. 1815இல் பிரதானிகளும் மக்களும் கைவிட, ஆறு அவனைக் காக்கவில்லை. வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன் 1832இல் அங்கே உயிர்நீத்தான். தீவிலே ஆங்கிலேயர் வெடிமருந்தைச் சேமித்தனர்.

புதிய ஆட்சியினர் ஆற்றில் ஏற முயலாது, அதன்மேல் வழியமைத்தனர். பேராதனையில் 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாவிய முதிரை மரப்பாலம் 1833இல் நிறைவெய்தி, 1905வரை நின்றது. 1867இல் புகையிரதமும் கண்டியை அடைந்தது.

அதன் பின்னர் மகாவலியிலே படிகள் எழவே செய்தன. 1976இல் பொல்கொல்லை, 1985இல் 122 மீட்டர் உயர விக்டோரியா, 1986இல் ரந்தெனிகலை, 1990இல் ரந்தம்பை என அணைகள் நிறைவுற்றன. விக்டோரியா நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனியா நகர் மூழ்கியது. வயலுக்கு நீரும் வீட்டுக்கு மின்னொளியும் தரும் இவ்வணைகளில் படகுக்கான பூட்டு ஒன்றேனும் இல்லை.

இன்றும் கண்டி வாவியில் படகேறி உலாவுவோர் பலர். அந்நீரை ஓர் அரசனின் விருப்பமும் பல்லாயிரவரின் வியர்வையும் அங்கே நிறுத்தின. நகருக்கு அப்பால் ஓடும் மகாவலியோ, அன்று நொக்ஸ் கண்டதுபோலவே, கடலிலிருந்து எந்தப் படகையும் கண்டிக்கு ஏறவிட்டதில்லை.