கோச்சிக்கு முன்னால் நின்றவர்கள்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் வீட்டு அல்பத்தில் ஒரு போட்டோ இருந்தது. மட்டக்களப்பு ஸ்டேசன் மேடையில் வாப்பா நிற்கிறார். பக்கத்தில் அவருடைய கூட்டாளி, திருக்கோவில்காரர். இரண்டு பேருக்கும் பின்னால் கரிக்கோச்சி எஞ்சினின் பாதி தெரியும். மற்றப் பாதி படத்துக்குள் வரவில்லை. படம் எடுத்தவருக்கு எஞ்சினைவிட இந்த இரண்டு பேரும் முக்கியமாகப் பட்டிருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்த அல்பத்தையும் கொண்டு போனது. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். உம்மாவிடம் கேட்டால் வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான் நினைவு இருக்கிறது. எந்த வருடம், யார் எடுத்தது, எதற்காகக் கொழும்புக்குப் போனார்கள், ஒன்றும் தெரியாது. அந்தப் போட்டோ கையில் இருந்த காலத்தில் நானும் கேட்கவில்லை.

போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்: "நம்மட ஊருக்கு ஏன் சேர் கோச்சி வரல்ல?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தப் போட்டோ ஞாபகம் வந்தது.

முதலில் அந்தப் பதிலைச் சொல்கிறேன்.

இலங்கையின் முதல் புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீற்றர். 1864 டிசம்பர் 27 அன்று அதில் முதல் வண்டி ஓடியது. 1867 இல் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்தப் பாதை. பிறகு தேயிலை வந்தது, பாதையும் தேயிலையின் பின்னாலேயே மலை ஏறியது. வடக்கே காங்கேசன்துறைக்கு 1905 இல் கோச்சி போனது. கிழக்குக்கு வந்தது எல்லோருக்கும் பிறகுதான். திருகோணமலைக்கு 1927, மட்டக்களப்புக்கு 1928. மாகோவில் பிரிந்து கெக்கிராவை, ஹபரணை, கல்லோயா சந்தி, மின்னேரியா, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புனாணை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக மட்டக்களப்பு. கோட்டையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர்.

(கல்லோயா சந்தி என்றதும் நம்மட அம்பாறைக் கல்லோயா என்று எண்ண வேண்டாம். அது ஹபரணைப் பக்கம் இருக்கிற வேறு ஊர். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் இதில் குழம்புகிறார்கள்.)

அதற்கு இங்கால் பாதை நீளவில்லை. அந்தக் காலத்திலேயே பஸ்ஸும் லொறியும் வரத் தொடங்கிவிட்டன. தண்டவாளம் போடுவதைவிட றோட்டுப் போடுவது மலிவு. பிறகு பல தலைமுறைக்கு நாட்டில் சொல்லும்படியான புதிய பாதை எங்கேயும் வரவில்லை. 2019 இல் மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குச் சுமார் 27 கிலோமீற்றர் நீட்டியபோது, சுதந்திரத்துக்குப் பிறகு போட்ட முதல் புதிய பாதை என்று அதைச் சொன்னார்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்குப் பாதை வரும் என்ற பேச்சு நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது. இப்போதும் பேச்சாகவே இருக்கிறது.

ஆனால் கோச்சி வராத ஊர் என்பதற்காக நாங்கள் கோச்சி அறியாத சனம் இல்லை. திருக்கோவிலிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். பஸ்ஸில் போய், கல்லடியில் ஒற்றை வழியாக இருந்த லேடி மன்னிங் பாலத்தைத் தாண்டி, ஸ்டேசனில் இறங்க வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரன், சாய்ந்தமருதுக் கருவாடு, சம்மாந்துறை நெல், இவற்றோடு சம்பந்தப்பட்ட வியாபாரிகள், கொழும்புக்குப் படிக்கப் போன பிள்ளைகள், பெரியாஸ்பத்திரிக்குப் போன நோயாளிகள் எல்லோருக்கும் உதயதேவியைத் தெரியும். தமிழாக்களும் முஸ்லிமாக்களும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு போன பயணம் அது. மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் கோச்சிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பாலம். கோச்சி வருகிறது என்றால் வாகனமெல்லாம் இரண்டு பக்கமும் காத்துக்கிடக்கும். மன்னம்பிட்டியில் 2007 இலும் ஓட்டமாவடியில் 2010 இலும் வாகனங்களுக்கென்று தனிப் பாலம் வந்த பிறகுதான் அந்தக் காட்சி இல்லாமல் போனது.

இதெல்லாம் போட்டோவில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இலங்கைக் கோச்சிப் படம் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது. ஆனால் பெரும்பாலானவை மலைநாடு.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஸ்கீன், ஸ்கோவென், பிளாட்டே என்ற பெரிய ஸ்டூடியோக்கள் இங்கே தொழில் செய்தன. கப்பலில் வந்த பயணிகளுக்கு அல்பமும் தபாலட்டையும் விற்றார்கள். வாங்கினவர்கள் கேட்டது கடுகண்ணாவ மலைவளைவு, சுரங்கப்பாதை, தேயிலைத் தோட்டம். நம்மட வறண்ட காட்டுப் பாதையை யார் காசு கொடுத்து வாங்குவார்?

இரண்டாவதாக வந்தவர்கள் எஞ்சின் பிரியர்கள். 1968 ஆகஸ்டில் பிரித்தானியாவின் தேசிய ரயில் சேவை கரி எஞ்சினை நிறுத்தியது. அதை நேசித்தவர்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு, இன்னும் புகை விடுகிற நாடுகளைத் தேடிப் போனார்கள். இந்தியா அவர்களுக்குப் பெரிய விருந்து. அங்கே அகலப்பாதையில் 1995 வரை கரி எஞ்சின் ஓடியது. இலங்கையில் அவர்களுக்கு நேரம் போதவில்லை. இங்கே 1953 இலேயே டீசல் எஞ்சின் இறங்கத் தொடங்கியது. 1954 இலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து எம் 2 எஞ்சின்கள் வந்தன. பீ.டீ. றம்பாலா என்ற நமது நாட்டுப் பொறியியலாளரின் காலத்தில் மாற்றம் வேகமாக நடந்தது. 1960களின் கடைசியோடு வழமையான சேவையில் கரிக்கோச்சி முடிந்தது.

எஞ்சின்களுக்குப் பெயர் வைத்ததைப் பாருங்கள். பீ 1 வகைக் கரி எஞ்சின்களுக்கு வெள்ளைக்கார ஆளுநர்களின் பெயர்: சேர் தோமஸ் மெய்ட்லண்ட், பிரெடெரிக் நோர்த். எம் 2 வகைக்குக் கனடாவின் மாகாணங்கள்: ஒன்றாரியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா. இந்த மனிற்றோபாவை மறக்க முடியாது. சுனாமி அன்று பெரேலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தான அந்தக் கோச்சியை இழுத்து வந்தது 591 ஆம் இலக்க மனிற்றோபாதான். அதைத் திருத்தி 2008 இல் மறுபடி ஓட விட்டார்கள். அந்த எஞ்சினின் பிறந்த இடம், இலக்கம், திருத்திய வருடம் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அதே நாளில் நம்மட அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் எத்தனை பேருடைய ஒரு படமாவது மிஞ்சியிருக்கிறது?

எஞ்சின் பிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல எஞ்சின்களின் உருவமே நமக்குத் தெரியாது. 1986 இல் வைஸ்றோய் விசேட வண்டி என்று பழைய கரி எஞ்சின்களைத் திருத்தி உல்லாசப் பயணிகளுக்காக ஓட விட்டதும், 2014 டிசம்பர் 27 இல், 150 ஆவது வருட நிறைவன்று, கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறந்ததும் அந்த நேசத்தின் தொடர்ச்சிதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் அங்கே எஞ்சினைப் பார்க்கலாம், அதில் ஏறி இறங்கிய நம்மட ஆட்களைப் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். ஓ. வின்ஸ்டன் லிங்க் என்று பெயர். 1955 தொடங்கி 1960 வரை, நோர்போக் அண்ட் வெஸ்டர்ன் என்ற கம்பனியின் கடைசிக் கரி எஞ்சின்களை இரவில், பெரிய பெரிய பிளாஷ் பல்ப் கட்டி எடுத்தார். 1956 இல் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. திறந்தவெளியில் கார்களில் இருந்தபடி சனம் சினிமா பார்க்கிறது. முன்னால் ஒரு காரில் ஒரு சோடி. பின்னால் புகை கக்கிக்கொண்டு கோச்சி போகிறது. கோச்சி அந்த ஊர்ச் சனத்தின் வாழ்க்கையோடு சேர்ந்திருப்பதால்தான் அந்தப் படத்தை இன்றும் பார்க்கிறார்கள்.

நம்மிடம் லிங்க் இருக்கவில்லை. பெட்டிக் கமரா இருந்தது. அந்தக் கமராவில் 120 ரோல் போட்டால் எட்டுப் படம், சிலதில் பன்னிரண்டு. பிறகு ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவ வேண்டும். ஒரு படத்தை வீணாக்க யாருக்கும் மனம் வராது. அதன் வேகமும் குறைவு. ஒரு செக்கனில் முப்பதிலொரு, ஐம்பதிலொரு பங்கு என்ற கணக்கில்தான் திறந்து மூடும். ஓடுகிற கோச்சியை எடுத்தால் கலங்கிப் போகும். அதனால்தான் பழைய குடும்பப் படங்களில் கோச்சி எப்போதும் ஸ்டேசனில் நிற்கிறது. எஞ்சின் கறுப்பு, ஆவி வெள்ளை, இரண்டையும் ஒரே படத்தில் சரியாகக் கொண்டுவருவது தேர்ந்தவர்களுக்கே பாடு. நம்மவர்கள் முகத்துக்கு வெளிச்சம் பார்த்து எடுத்தார்கள், எஞ்சின் கரும்பாறை மாதிரி விழுந்தது. வாப்பாவின் படமும் அப்படித்தான்.

பிறகு யுத்தம். பாலம், ஸ்டேசன், தண்டவாளம் எல்லாம் காவலுக்குள் வந்தன. புனாணையிலோ மன்னம்பிட்டியிலோ ஒரு இளைஞன் கமராவை வெளியே எடுத்தால், ஏன் எடுக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்த மதமென்றாலும் அந்தக் கேள்வி எல்லோருக்கும் பயம்தான். கோச்சி மட்டக்களப்பு வரை வராமல் பாதி வழியோடு திரும்பிய காலங்களும் இருந்தன. அந்த வருடங்களின் படம் நம்மிடம் அநேகமாக இல்லை. இருந்த பழைய படங்களில் கொஞ்சம் இடம்பெயர்வில் போனது, மிச்சத்தைச் சுனாமி கொண்டு போனது.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், 2028 இல் மட்டக்களப்புக் கோச்சிக்கு நூறு வயது. அன்றைக்கு மேடை போட்டுப் பேசுவார்கள், எஞ்சின் படங்களைக் காட்டுவார்கள். அந்தப் பாதையில் போய் வந்த கரையோரச் சனத்தின் படம் அங்கே இருக்க வேண்டுமென்றால், அது உங்கள் வீட்டு அலுமாரியிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், அல்லது மட்டக்களப்பு, ஏறாவூர்ச் சொந்தக்காரர் வீட்டில், கோச்சியோ ஸ்டேசனோ தெரிகிற பழைய படம் ஏதாவது இருந்தால்:

1. அல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம். பழைய பசை படத்தையும் சேர்த்துக் கிழிக்கும். அப்படியே ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள்.

2. தனியாக இருக்கிற படமென்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, திகதி, ஒரு கையெழுத்து இருக்கலாம்.

3. படத்தில் இருப்பது கரி எஞ்சின் என்றால் அது அநேகமாக 1970க்கு முந்தியது. கனடா டீசல் என்றால் 1954க்குப் பிந்தியது. வருடம் தெரியாதவர்களுக்கு இது ஒரு அடையாளம்.

4. எல்லாவற்றையும்விட முக்கியம்: அந்தப் படத்தை வீட்டில் மூத்தவருடைய கையில் கொடுத்துக் கேளுங்கள். யார் இவர்? எங்கே போகிறார்? யார் எடுத்தது? சொல்வதைப் போனில் பதியுங்கள். பெயர் இல்லாத படம் இன்னும் இருபது வருடத்தில் யாரோ ஒருவரின் படமாகிவிடும்.

படத்தில் பெண்கள் இருந்தால், வெளியிட வேண்டாம் என்று குடும்பம் சொன்னால் வெளியிட வேண்டாம். வீட்டுக்குள் பெயரோடு பத்திரமாக இருந்தாலே போதும்.

வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் பாதை வராத காரணத்தைச் சொன்னேன். பிறகு உங்கட வாப்பும்மா, உம்மும்மாவிடம் போய் முதல் கோச்சிப் பயணத்தைக் கேட்டு எழுதி வாருங்கள் என்று எல்லோருக்கும் வேலை கொடுத்தேன். முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தாறு பேர் எழுதி வந்தார்கள். ஒரு பிள்ளை ஒரு படமும் கொண்டு வந்தாள். நான்கு பேர், ஒரு தகரப் பெட்டி, பின்னால் பெட்டியின் ஜன்னல் வரிசை. இரண்டு பேரின் பெயர் தெரியும் என்றாள். மற்ற இரண்டு பேரைத் தெரிந்தவர் இப்போது படுக்கையில் இருக்கிறாராம். இன்றைக்கே போய்க் கேள் மகள் என்று அனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் இன்றைக்கே கேளுங்கள். வாப்பாவின் கூட்டாளியின் குடும்பம் திருக்கோவிலில் இருந்தால், அந்தப் படத்தின் இன்னொரு பிரதி அவர்களிடம் இருக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. அப்படி யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள். எஞ்சினின் பாதிதான் தெரியும், அதுதான் அடையாளம்.