அச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு



நன்றாகப் படிக்கும் மாணவன்தான். ஆனால், வினாத்தாளைக் கையில் வாங்கியதும் அவனுக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது. 'பேனிக் அட்டாக்' என்று இன்று பலரும் குறிப்பிடும் பீதித் தாக்கம் இதுவாக இருக்கலாம். "இதற்கெல்லாமா பயப்படுவது?" என்று நாம் பள்ளியில் கேட்கிறோம். வீட்டில் திருநீறு இட்டு மந்திரிக்கிறார்கள். இரண்டுமே அன்பினால் செய்யப்படுபவைதாம். ஆயினும், தன் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பது அப்பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மனிதர்கள் அதனை எவ்வாறு படிப்படியாக அறிந்துகொண்டனர் என்பதை இங்கே சொல்ல விழைகிறேன்.

முதலில் நம் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவோம். பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல் ஆகும். உள்ளத்து உணர்வு மெய்யின்கண், அதாவது உடலில், வெளிப்படுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவை எட்டு. இப்பட்டியலில் அச்சமும் பெருமிதமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அச்சம் தோன்றும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைத் தொல்காப்பியர் கூறுகிறார். உணர்வையும் உடலையும் பிரிக்காமல் பார்த்த மரபு நம்முடையது.

மேலை மருத்துவம் இவ்விடத்திற்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட படைவீரர்கள் பலருக்கு நெஞ்சுவலியும் படபடப்பும் மூச்சிரைப்பும் இருந்தன. இதயத்திலோ நோய்க்குறி இல்லை. இத்தகைய முந்நூறுக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871-இல் கட்டுரை வெளியிட்டார். பின்னர் 1915-இல் வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர், ஆபத்தின்போது அட்ரினலின் சுரந்து உடலைப் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தப்படுத்துகிறது என்று விளக்கினார். படபடப்பு என்பது உடல் பழுதுபட்டதன் அடையாளம் அன்று. நம்மைக் காக்க எழும் ஏற்பாடு. பீதித் தாக்கத்தில் அந்த ஏற்பாடு ஆபத்து இல்லாதபோதே விழித்துக்கொள்கிறது.

இனி நம் கிள்ளானுக்கு வருவோம். 1941-ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் ஊதிய உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரைமாரையோ கிராணிமாரையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. தொல்காப்பியர் சொன்ன 'இறை' அங்கே துரையாக நின்றார். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதற்கடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் - பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் அவர்களுள் பெருந்தொகையினர் பலியாயினர். அத்துயரை நாவலாக்கியவர்களுள் நம் நாட்டு எழுத்தாளர் அ. ரெங்கசாமியும் ஒருவர், அவருடைய நாவலின் பெயர் 'நினைவுச் சின்னம்'.

அத்தலைமுறை அச்சத்தை வெளியே காட்டாமல் வாழ்ந்தது. காட்டினால் பிழைக்க முடியாத காலம் அது. அவர்களின் மௌனத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், அந்த மௌனமே வீரம் என்று பேரப்பிள்ளைகளுக்கும் கற்பித்துவிட்டோமோ என்பதே என் ஐயம்.

இந்த ஐயத்திற்கு விடை தேட உதவுபவர் கிளேர் வீக்ஸ் (1903 - 1990) என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி. விலங்கியல் ஆராய்ச்சியாளராக இருந்த இளம் வயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகக் கூறப்பட்டது. தொடர்ந்து நெஞ்சு படபடப்பு அவரை வாட்டியது. முதல் உலகப் போரில் பணியாற்றிய நண்பர் ஒருவர், போர்முனையில் வீரர்களுக்கும் இப்படித்தான் இருந்தது, இது அச்சத்தின் வேலை என்று விளக்கினார். அவர் தெளிவு பெற்றார். பின்னாளில் மருத்துவரான அவர், 1962-இல் நரம்புத் தளர்ச்சியுற்றோருக்காக எழுதிய நூலில் நான்கு படிகளைக் கூறினார்: அச்சத்தை எதிர்கொள்ளுதல், ஏற்றுக்கொள்ளுதல், அதனோடு மல்லுக்கட்டாமல் மிதந்து செல்லுதல், காலம் கடக்க விடுதல். அச்சத்தைக் கண்டு அஞ்சும் இரண்டாம் அச்சமே துன்பத்தை நீட்டிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பீதி நோயைத் தனி நோயாக வகைப்படுத்தியது. 1986-இல் உளவியலறிஞர் டேவிட் கிளார்க், படபடப்பை 'மாரடைப்பு' என்று மனம் பிழையாகப் பொருள்கொள்வதே பீதியை வளர்க்கிறது என்று விளக்கினார்.

ஆகவே, அமைதி பெறுவது என்பது உணர்வை அடக்கிவிடுவது அன்று. உணர்வை அறிந்து, அதற்குப் பெயர் சொல்லி, அது கடந்து செல்லும்வரை உடனிருப்பதே ஆகும். 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், உணர்வைச் சொல்லால் குறிக்கும்போது மூளையில் அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி தணிவது காணப்பட்டது.

வகுப்பில் நாம் செய்யக்கூடியவை எளியவையே. நடுங்கும் பிள்ளையைப் பலர் முன் கேள்வி கேட்காதீர்கள். அருகில் அமருங்கள். "பயம் வந்திருக்கிறது, சிறிது நேரத்தில் இறங்கிவிடும், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். உடலில் எங்கே அதனை உணர்கிறான் என்று கேளுங்கள். பீதி பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து பிறகு தணியும். முதன்முறை வந்தால் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, தைராய்டு போன்றவையும் இவ்வாறே தோன்றலாம். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நாடத் தயங்க வேண்டாம். கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970-இலேயே தொடங்கப்பட்டது. சுகாதார அமைச்சு 2022-இல் 15555 என்னும் எண்ணில் 'ஹீல்' தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது.

1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, அச்சம் போகவில்லை. ஏன் என்பதற்கு உரையாசிரியர் பேராசிரியரே விடை வைத்திருக்கிறார். அச்சம் பிறக்கும் 'இறை' யார் என்று விளக்குகையில், தந்தையரையும் ஆசிரியரையும் அரசனோடு சேர்த்தே அவர் எண்ணுகிறார். ஆம், அப்பட்டியலில் நாமும் இருக்கிறோம்! பிள்ளைகள் அஞ்சும் இடமாக இருப்பதா, அஞ்சும்போது வந்து சேரும் இடமாக இருப்பதா என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். சிந்திப்போம்.