மலைக்கு அப்பால் ஒரு தீபிகை

சுந்தரபாண்டியபுரத்து வயல்வரப்பில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தெரியும். அதற்கு அப்பால் மலையாள நாடு. மலைக்கு இப்பால் உள்ள செங்கோட்டையும் 1956 நவம்பர் முதல் நாள் வரை அவர்கள் ஆட்சிப் பகுதியாகவே இருந்தது. ஆதலின் அந்நாட்டுப் பத்திரிகையொன்றின் வரலாற்றை நாம் அயலார் கதையென்று ஒதுக்க வேண்டியதில்லை.

கோட்டயத்தை அடுத்த மன்னானம் மடத்தில் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா பாதிரியார் 1846-ஆம் ஆண்டில் ஓர் அச்சகம் நிறுவினார். முதலில் வாழைத்தண்டில் மாதிரி செய்து காட்டி, பிறகு தச்சரைக் கொண்டு மரத்தில் அச்சுப்பொறி செய்வித்தாராம். அந்த அச்சகத்திலிருந்து 1887 ஏப்ரல் 15 அன்று வெளிவந்ததே ‘நஸ்ராணி தீபிகா’. நிதீரிக்கல் மாணிக் கத்தனார் என்னும் கத்தோலிக்க குருவே அதன் முதல் ஆசிரியர். நஸ்ராணி என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. திருக்குர்ஆனில் நாம் ஓதும் ‘நஸாரா’வின் இனமே அது.

திருவிதாங்கூரின் உயர் பதவிகள் அக்காலத்தில் பெரும்பாலும் வெளியூர்ப் பிராமணர் கையில் இருந்தன. அவர்களுக்குப் ‘பரதேசிகள்’ என்று பெயர். மலைக்கு இப்பாலிருந்து சென்ற தமிழரே அவர்களுள் மிகுதி என்பதை நாம் மறைப்பதற்கில்லை. மண்ணின் மக்களுக்கும் உத்தியோகத்தில் பங்கு வேண்டுமென்று 1891-இல் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு மகாராஜாவுக்கு அளித்த விண்ணப்பமே ‘மலையாளி மெமோரியல்’. அம்முயற்சியில் நிதீரிக்கல் கத்தனார் முன்னின்றார். அவருடைய பத்திரிகை துணைநின்றது.

அங்கே பத்திரிகை நடத்துவது எளிய காரியமன்று. மர்ஹூம் வக்கம் அப்துல் காதர் மௌலவி அவர்களின் ‘சுதேசாபிமானி’ அச்சகம் 1910-இல் பறிமுதலாயிற்று. ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பெற்றுத் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தார். தனிமனிதர் ஒருவரின் துணிவை நம்பி நின்ற ஏடு ஒரே நாளில் அணைந்தது. தீபிகாவுக்கோ மடமும் திருச்சபையும் பின்பலமாய் இருந்தன. அந்தப் பலத்துக்கு அது கொடுத்த விலை 1957-இல் வெளிப்பட்டது.

அவ்வாண்டு இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் கம்யூனிஸ்டு அமைச்சரவை அமைந்தது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டச்சேரி கொணர்ந்த மசோதா, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு அரசே நேரடியாக ஊதியம் தருவதென்றது. அரசுத் தேர்வாணையம் தரும் பட்டியலிலிருந்தே ஆசிரியரை நியமிக்க வேண்டுமென்றது. வேண்டின் பள்ளியையே அரசு மேற்கொள்ளலாமென்றும் கூறிற்று. முண்டச்சேரியும் கத்தோலிக்கரே என்பது வேடிக்கை. திருச்சபை கொதித்தெழுந்தது, தீபிகா அதன் குரலாயிற்று. இறைமறுப்பாளர் கையில் பிள்ளைகளின் கல்வியை ஒப்படைப்பதா என்பதே வாதத்தின் சாரம்.

குடியரசுத் தலைவர் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே மாதம் வந்த கருத்து, சிறுபான்மையினரின் உதவிபெறும் பள்ளிகளை அரசு மேற்கொள்ளும் பிரிவுகள் அரசியல் சட்டத்தின் 30-ஆம் விதிக்கு முரண் என்றது. இன்று நம் கல்லூரிகளும் பள்ளிகளும் அவ்விதியின் நிழலில் நிற்கின்றன. அவ்வகையில் அன்று வாதாடியவர்களுக்கு நாமும் கடன்பட்டவர்களே.

ஆனால் ஆசிரியர் பட்டியல் பற்றிய 11-ஆம் பிரிவை நீதிமன்றம் தள்ளவில்லை. அப்பிரிவில் பிற்பட்டோர்க்கான ஒதுக்கீடும் கவனிக்கப்பட வேண்டுமென்று இருந்தது. ஈழவருக்கும் மாப்பிள்ளைமார்க்கும் அதனால் வேலை கிடைத்திருக்கும். அரண்மனையில் பங்கு கேட்ட பத்திரிகை, அரசின் பொருளால் நடக்கும் தன் இனத்தார் பள்ளிகளில் பிறர்க்குப் பங்கு என்றதும் எதிரணியில் நின்றது. நிர்வாகியின் அச்சத்தை எழுதிய அளவுக்கு, அவரிடம் கைகட்டி நின்ற ஆசிரியரின் துயரை அது எழுதியிருக்கலாகாதா?

நாம் மட்டும் வேறு வழி சென்றோமா என்றால், அதுவும் இல்லை. 1959-இன் ‘விமோசன சமர’த்தில் நாயர் சங்கத்தோடும் திருச்சபையோடும் முஸ்லிம் லீகும் சேர்ந்துகொண்டது. ஜூன் 13 அன்று அங்கமாலித் துப்பாக்கிச் சூட்டில் எழுவர் மாண்டனர். ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டது. 11-ஆம் பிரிவு நடைமுறைக்கு வரவேயில்லை. கேரளத்து உதவிபெறும் பள்ளிகளில் இன்றும் ஊதியம் அரசுடையது, நியமனம் நிர்வாகியுடையது. முஸ்லிம் நிர்வாகங்களின் பள்ளிகளிலும் அவ்வாறே.