கூரையும் கைகளும்: பிரான்சிஸ் கெரேயின் கட்டடக் கலை

2022இல் பிரான்சிஸ் கெரேவுக்குக் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு அறிவிக்கப்பட்டபோது இரண்டு செய்திகள் எங்கும் சேர்ந்தே எழுதப்பட்டன: அப்பரிசைப் பெறும் முதல் ஆப்பிரிக்கர் அவர், மண்ணால் கட்டுபவர். முதலாவதில் ஐயமில்லை. இரண்டாவது அவரைச் சிறுமைப்படுத்துகிறது என்பது என் கருத்து. அவருடைய கட்டடங்களில் மண் இடத்துக்கு இடம் மாறும் பொருள். ஊன்றி நிற்பவை வேறு இரண்டு: உட்கூரையிலிருந்து பிரித்து உயர்த்திய வெளிக்கூரை, கட்டப்போகிறவர்களின் கைத்திறனை அறிந்து ஒவ்வோர் இணைப்பையும் வரையும் பழக்கம். முன்னது எந்த நாட்டுக்கும் பொருந்திப் போகிறது. பின்னது எவ்வளவு தூரம் போகும் என்பதே அவருடைய பிற்காலப் பணிகளை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வி.

கெரே 1965இல் புர்க்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் ஊர்த் தலைவரின் மூத்த மகனாகப் பிறந்தார். ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. ஏழு வயதில் டெங்கோடோகோ நகருக்கு அனுப்பப்பட்டார். காண்டோவிலிருந்து பள்ளிக்குப் போன முதல் பிள்ளை அவரே. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்த, வெளிச்சமும் காற்றும் குறைந்த சிமெண்ட் வகுப்பறையைப் பற்றி அவர் பலமுறை பேசியிருக்கிறார். 1985இல் தச்சுப் பயிற்சிக்கான உதவித்தொகையோடு ஜெர்மனி போனார். பகலில் கூரை வேலையும் மரவேலையும், இரவில் பள்ளிப் படிப்பு. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைப் பட்டம் பெற்றது 2004இல். காண்டோ தொடக்கப்பள்ளியோ 2001இலேயே எழுந்துவிட்டது. பட்டம் பெற்ற அதே ஆண்டில் அதற்கு ஆகா கான் விருதும் கிடைத்தது. வரைபலகைக்கு முன்பே அவர் கைக்கு உளி வந்திருந்தது. அவருடைய சிந்தனை சுவரிலிருந்து தொடங்காமல் கூரையிலிருந்து தொடங்குவதற்கு இந்த வரிசை காரணமாக இருக்க வேண்டும்.

அந்தப் பள்ளியின் கூரையை அருகில் நின்று பார்க்கலாம். அந்தப் பகுதியில் மலிவாகக் கிடைப்பது நெளிதகரம். அதை நேரே சுவர்மேல் போட்டால் நண்பகலில் வகுப்பறை உலையாகிவிடும். தகரம் இல்லாவிட்டாலோ மழைக்காலத்தில் மண்சுவர் கரையும். கெரே இரண்டையும் ஒரே அமைப்பில் தீர்த்தார். வகுப்பறையை மண்கல்லாலான, இடைவெளிகள் விட்ட உட்கூரையால் மூடினார். அதற்கு மேலே, கம்பிச் சட்டங்களின் மீது தகரக் கூரையைத் தூக்கி நிறுத்தி, சுவருக்கு வெளியே நெடுந்தூரம் நீட்டினார். வெயிலில் தகரம் சுடச்சுட, இரண்டு கூரைகளுக்கும் நடுவே காற்று ஓடுகிறது. அறைக்குள் எழும் வெப்பக் காற்று இடைவெளிகள் வழியே வெளியேற, சன்னல் வழியே புதுக் காற்று நுழைகிறது. நீட்டிய விளிம்பு மழையைச் சுவரில் படாமல் தள்ளிவிடுகிறது. குறை சொல்லப்பட்ட அதே தகரம் இங்கே காற்றை இழுக்கும் கருவி.

அந்தக் கம்பிச் சட்டங்கள் இன்னும் முக்கியமானவை. பளு தூக்கும் எந்திரம் அங்கே வராது. பெரிய உத்திரங்களைக் கொண்டுவரவும் வழியில்லை. கான்கிரீட்டுக்குள் போடும் சாதாரணக் கம்பிகளையே வாங்கி, கை ரம்பத்தால் அறுத்து, சிறிய வெல்டிங் பொறியால் ஒட்டினார்கள். ஆட்களே தோளில் தூக்கக்கூடிய எடை. அழகுக்காக வரையப்பட்டதல்ல அந்த மெல்லிய வளைவு. அறுக்கவும் ஒட்டவும் தூக்கவும் ஊராரால் எது முடியுமோ அதுவே அதன் வடிவத்தை முடிவு செய்தது. இந்த வேலையைக் கற்றுக்கொண்ட இளைஞர்களுக்குப் பிறகு பிற பொதுப்பணிகளிலும் வேலை கிடைத்தது. அண்டை ஊர்கள் இரண்டு தாமாகவே பள்ளி கட்டிக்கொண்டன. காண்டோ பள்ளியின் நூலகத்தில் இதே தருக்கம் வேறு கைகளுக்குப் போகிறது. ஊர்ப் பெண்கள் வனைந்த பானைகளின் வாயையும் அடியையும் அறுத்து, அச்சுப் பலகைமேல் வரிசையாக வைத்து, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினார்கள். பானை இருந்த இடம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழியானது.

கெரேயின் பணியை மரபு மீட்பாகக் காணும் விளக்கம் இங்கேதான் இடறுகிறது. காண்டோ மக்கள் மண்ணை நன்றாக அறிந்தவர்கள். ஆண்டுதோறும் மழையில் கரைந்த சுவரைப் பூசியவர்கள். ஜெர்மனியில் படித்துத் திரும்பியவர் மறுபடியும் மண்ணைச் சொன்னதும் அவர்கள் தயங்கினார்கள். மாதிரியாக ஒரு வளைவைக் கட்டி, அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்த பிறகே நம்பிக்கை வந்தது. சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லும் அவர்களுடைய பாட்டன் காலத்துச் சுவரல்ல. அத்தகைய கற்களை வார்க்கும் கைப்பொறி 1950களில் கொலம்பியாவில் உருவானது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்தி 1940களில் எழுப்பிய புது குர்னா என்ற ஊரை இதோடு ஒப்பிட வேண்டும். மண்ணும் மரபும் அங்கே கெரேயின் பணியைவிட அதிகம். ஆனால் அரசு இடம்பெயர்த்த மக்களுக்காகக் கட்டப்பட்ட ஊர் அது. அவர்கள் குடியேற மறுத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை. யார் கேட்டார்கள், யார் கட்டினார்கள் என்பதில் இருக்கிறது.

இனிப் பிற்காலப் பணிகள். 2017இல் லண்டனில் எழுந்த சர்ப்பன்டைன் கூடத்தில் நீலம் தீட்டிய மரச்சுவரும் விரிந்த கூரையும் இருந்தன; மண் இல்லை. கெரே அங்கும் கெரேயாகவே தெரிகிறார். காண்டோவின் உழைப்பு முறைக்கு மட்டும் அங்கே வேலையில்லை. பெனின் நாட்டுக்காக அவர் வரைந்த நாடாளுமன்றமோ, ஊர் கூடிப் பேசும் மரத்தின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. காண்டோவில் மரம் ஓர் உருவகமாகத் தேவைப்படவில்லை. கூடிச் செய்த வேலையே அந்தக் கூட்டமாக இருந்தது. ஓர் அரசின் தலைமைக் கட்டடத்தை ஊரார் கூடிக் கட்ட முடியாது, அது நியாயமே. ஆயினும் உழைப்பில் இருந்த பங்கேற்பு உருவத்துக்கு இடம் மாறும்போது ஏதோ ஒன்று குறைகிறது. இதைப் பாராட்டுரைகள் கவனிப்பதில்லை.

காண்டோ பள்ளிக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவில் நிற்கிறது, கூடுகூ நகரில் 2020இல் முடிந்த புர்க்கினா தொழில்நுட்ப நிறுவனம். அங்கே மண்ணைக் கல்லாக்காமல், கான்கிரீட் போல அச்சுக்குள் ஊற்றிச் சுவரெழுப்பினார்கள். ஒவ்வொரு கல்லாக அடுக்கும் வேலை குறைகிறது, வேகம் கூடுகிறது. ஆனால் மண்ணைக் கலக்கவும் ஊற்றவும் அச்சைப் பிரிக்கவும் உள்ளூர்க் கைகள் வேண்டும். வகுப்பறைகளைக் கூட்டிக்கொண்டே போகவும் அந்த முறை இடம் தருகிறது. கட்டுபவர்களின் கைத்திறனை அறிந்து வரையும் கெரேயின் இரண்டாவது கொள்கை பெரிய அளவுக்கு வளரும் என்றால், நாடாளுமன்றத்தைவிட இந்த வகுப்பறைச் சுவர்களில் அதற்குச் சான்று கூடுதலாக உண்டு.