விழுக்காட்டுக்கு வெளியே: தேர்வும் எண்ணிக்கையும் நாமும்



இரட்டைமலை சீனிவாசன் என்றதும் வட்டமேசை மாநாடு நினைவுக்கு வரும். பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று அவர் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் நினைவுக்கு வரும். அவற்றுக்கெல்லாம் முந்தைய ஒன்றிலிருந்து இன்று தொடங்குகிறேன். அது ஒரு தேர்வை எதிர்த்து அவர் திரட்டிய மனு.

இந்திய ஆட்சிப்பணிக்கான தேர்வு அப்போது இங்கிலாந்தில் மட்டுமே நடந்தது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரி வந்தது. 1893 ஜூனில் பிரிட்டன் மக்களவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டின் இறுதியில் சென்னையில் கூட்டம் கூட்டி, அதை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார் சீனிவாசன். மனுவின் நீளம் 112 அடி. கையொப்பமிட்டவர்கள் 3,412 பேர்.

இதை தேசவிரோதம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவருடைய வாதத்தின் சாரம் எளிமையானது. பள்ளிக்கூடத்தின் கதவு யாருக்குத் திறந்திருந்ததோ அவர்கள்தான் தேர்வு மண்டபத்துக்குள் போவார்கள். வென்று வருபவர்கள் ஆட்சியாளர்களாக வந்து நம்மையே ஆள்வார்கள். வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதை எழுத உட்காருபவர் யார் என்று கேட்கவேண்டும். இந்த மண்ணில் தலித் அரசியலின் தொடக்கக் கேள்விகளில் ஒன்று, தேர்வைப் பற்றியதாகவும் எண்ணிக்கையைப் பற்றியதாகவும் இருந்தது.

அதே கேள்வியை 35 ஆண்டுகள் கழித்துப் புள்ளிவிவரமாகவே முன்வைத்தார் அம்பேத்கர். 1928-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் சார்பில் சைமன் குழுவிடம் பம்பாய் மாகாணக் கல்வி நிலை பற்றி ஓர் அறிக்கை அளித்தார். ஒவ்வொரு பிரிவும் மக்கள் தொகையில் எத்தனையாவது இடம், தொடக்கப் பள்ளியில், உயர்நிலைப் பள்ளியில், கல்லூரியில் எத்தனையாவது இடம் என்று வரிசைப்படுத்தினார். மக்கள் தொகையில் இரண்டாவதாக இருந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கல்வியின் எல்லாப் படிகளிலும் நான்காவதாக, அதாவது கடைசியாக இருந்தார்கள். அரசு சேகரித்த எண்களையே அரசின் முன் சாட்சியாக நிறுத்தினார். ‘இத்தனை பேர் படிக்கிறார்கள்’ என்று அரசு சொன்ன இடத்தில் ‘எத்தனை பேரில்?’ என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நம் காலத்துக்குக் கொண்டுவருவோம்.

தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் 1975-இல் தனித் துறையாக அமைந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு நாளில் நாளிதழ்களில் மாவட்டப் பட்டியல் வருகிறது. நம் விருதுநகர் மாவட்டத்துக்கு அது பெருமைக்குரிய நாள். பிளஸ் டூ தேர்வில் 2018-இல் 97.05 விழுக்காட்டுடனும், 2023-இல் 97.85 விழுக்காட்டுடனும் மாநிலத்தில் முதலிடம் நம்முடையது. ஆசிரியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது, அதை யாரும் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் விழுக்காடு என்பது ஒரு பின்னம். மேலே இருக்கும் எண் தேர்ச்சி பெற்றவர்கள். கீழே இருக்கும் எண் தேர்வு எழுதியவர்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களோ, பெயர்ப் பட்டியலில் இருந்தவர்களோ அல்ல, அன்று வந்து எழுதியவர்கள் மட்டுமே. 2023-இல் மாநிலம் முழுவதும் 8,03,385 பேர் எழுதி 7,55,451 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அது 94.03 விழுக்காடு. அதே தேர்வின் முதல் நாளில், மொழிப் பாடத்துக்கு, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அந்த ஐம்பதாயிரத்தைக் கீழே சேர்த்துப் பாருங்கள். 94 என்பது 88-ஐ ஒட்டி இறங்கிவிடும். வராதவர்களில் பலர் ஏற்கெனவே படிப்பை விட்டவர்கள் என்று விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கம்தான் நம்முடைய கவலையும். அவர்கள் எப்போது விட்டார்கள், ஏன் விட்டார்கள், எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள்?

இராசபாளையத்தைச் சுற்றிப் பஞ்சாலைகள் இருக்கின்றன. சேத்தூரைச் சுற்றித் தோப்புகளும் வயல்களும் இருக்கின்றன. பத்தாம் வகுப்போடு அங்கே வேலைக்குப் போன பிள்ளை 97.85-ஐக் குறைப்பதில்லை. அந்தக் கணக்கில் அவள் தோற்றவள்கூட இல்லை. கணக்கிலேயே இல்லாதவள்.

அடுத்து, கோடு போடுவது. மதிப்பெண் மாணவர் எழுதுவது. தகுதிக் கோடு அலுவலகத்தில் போடப்படுவது.

தொழிற்கல்விக்கு 1984 முதல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இருந்தது. பயிற்சி மையத்துக்குப் போக வழியில்லாத பிள்ளைகளை அது வடிகட்டியது. பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழு அமைக்கப்பட்டு, அதன்பின் வந்த சட்டம் 2007-இல் நுழைவுத் தேர்வை நீக்கியது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கலுக்கு அது எளிய கணக்கு ஒன்றைச் சொன்னது. இயற்பியலில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தின் உச்சம் 90 என்றால், அந்த 90-ஐ 100 ஆகக் கொள்ளவேண்டும். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 ஆகும். குறைகள் இருக்கலாம், ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு. கணக்கு வெளிப்படையாக இருப்பதும் ஒரு சமூக நீதிதான்.

பிறகு நீட் வந்தது. 2017-இல் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். நீட்டில் 720-க்கு 86. ஒரே ஆண்டில், ஒரே பெண்ணை, இரண்டு தேர்வுகள் இரண்டு விதமாக அளந்தன. எந்த அளவுகோல் செல்லும் என்பதை நீதிமன்றமும் அரசும் முடிவு செய்தன. அவரை நாம் இழந்தோம்.

நீட்டின் தகுதிக் கோடு பெர்சென்டைலில் போடப்படுகிறது. பொதுப்பிரிவுக்கு 50, நமக்கு 40. பெர்சென்டைல் என்பது ஒருவர் எவ்வளவு கற்றார் என்று சொல்வதில்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் அவருக்குக் கீழே இருக்கிறார்கள் என்று மட்டுமே சொல்கிறது. அந்தக் கோடு எவ்வளவு புனிதமானது? 2023-இல் மருத்துவ முதுநிலை நீட்டில் இடங்கள் நிரம்பாமல் போனபோது, எல்லாப் பிரிவினருக்கும் தகுதிக் கோட்டைச் சுழியத்துக்கே இறக்கினார்கள். இட ஒதுக்கீட்டில் சில மதிப்பெண் குறைந்தால் தகுதி செத்துவிட்டது என்று அழுதவர்கள் அன்று அவ்வளவாகச் சத்தம் போடவில்லை.

எண்ணைக் கையாளும் கை யாருடையது என்பதற்கு இலங்கையும் ஒரு பாடம். 1970-71-இல் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ் மாணவர் 250 மதிப்பெண் எடுக்கவேண்டியிருந்தது, சிங்கள மாணவருக்கு 227 போதுமானதாக இருந்தது. பிறகு ‘தரப்படுத்தல்’ என்ற புள்ளியியல் பெயரில் அது முறையாக்கப்பட்டது. ஒரு தலைமுறையின் கோபத்துக்கு அது விதையானது. அடுத்து வந்த மாவட்ட ஒதுக்கீடு, பள்ளி வசதி குறைந்த மாவட்டங்களின் தமிழ் மாணவர்களுக்கும் வாசலைத் திறந்தது என்பதையும் மறக்கவேண்டாம். மதிப்பெண்ணைச் சரிசெய்வது தன்னளவில் நீதியுமல்ல, அநீதியுமல்ல. யாருடைய குறையை ஈடுசெய்ய என்பதே கேள்வி.

எண்ணிக்கை நமக்கு என்ன தந்திருக்கிறது என்பதற்குத் தொலைவில் தேடவேண்டாம். சேத்தூர் அடங்கிய இராசபாளையம் சட்டமன்றத் தொகுதி முன்பு தனித் தொகுதி. 2008 மறுவரையறைக்குப் பின் அது பொதுத் தொகுதியானது, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதியானது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் அந்த முடிவின் அடியில் இருந்தன. நம்மை எண்ணியதால்தான் அந்த நாற்காலிகள் வந்தன. எண்ணாத இடத்தில் நமக்கு நாற்காலியும் இல்லை, கேள்வியும் இல்லை.

ஆகவே கேட்கவேண்டியவை இரண்டு. முதலாவது, தேர்வு முடிவோடு கீழெண்ணையும் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் பிளஸ் டூ தேறியவர் எத்தனை பேர் என்று மாவட்டவாரியாக வெளியிடுங்கள். இரண்டாவது, அதைப் பட்டியலினத்தவர், பழங்குடியினர், ஆண், பெண் என்று பிரித்து வெளியிடுங்கள். இது முடியாத காரியமல்ல. தேர்வுக்கான பெயர்ப் பட்டியலில் சமூகப் பிரிவு பதிவாகிறது. எல்லா வாரியங்களின் முடிவுகளையும் தொகுத்து ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட அறிக்கைகளில் பட்டியலினத்தவருக்குத் தனி அட்டவணை இருந்திருக்கிறது. தரவு இருக்கிறது. அதை நம் ஊர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு சொல். மருத்துவராகுங்கள், வழக்கறிஞராகுங்கள், ஆட்சியராகுங்கள். சிலர் புள்ளியியலும் படியுங்கள். வினாத்தாளின் கடினத்தை அளப்பவர், மதிப்பெண்ணைச் சரிசெய்பவர், கோடு எங்கே விழவேண்டும் என்று குறிப்பு எழுதுபவர் ஒரு மேசைக்குப் பின்னால் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த மேசைக்கும் நம் பிள்ளைகள் போகவேண்டும். போய் உட்கார்ந்ததும், வந்தவர்களை எண்ணுவதற்கு முன், வராதவர்களை எண்ணச் சொல்லவேண்டும்.

1893-இல் நம்மிடம் பட்டம் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அப்போதும் 3,412 பேரை எண்ணி, 112 அடிக்குக் கையொப்பம் வாங்கி, கடல் கடந்து அனுப்ப முடிந்தது. நம்மால் ஒரு மாவட்டத்தின் கணக்கைக் கேட்டு வாங்க முடியும்.

ஜெய்பீம்.